கூண்டில் யார்

முதல் நாளே கேட்டேன்:
"இதன் கூண்டில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?"
மிஸ்லாவுக்குப் புரியவில்லை.
வெள்ளை அங்கியின் பொத்தானொன்றைத்
தப்பான துளையில் மாட்டியிருந்தான்.
"கூண்டே கிடையாது. கணக்குதான் ஓட்டுகிறது" என்றான்.

முப்பத்தொரு வருஷம்
ரியேகா துறைமுகத்தில்
தண்ணீருக்கு நாற்பது மீட்டர் மேலே
கண்ணாடித் தரையில் கால் வைத்து
கிரேன் ஓட்டியவள் நான்.
ஒரு கை நீண்டு சுழல்வதைப் பார்த்தே
அதை அசைப்பவன் சாப்பிட்டானா,
வீட்டில் சண்டையா, நேற்றுக் குடித்தானா,
சொல்லிவிடுவேன்.
இது சுழல்வதில் ஒன்றும் பிடிபடவில்லை.
வெள்ளை வெளேரென்று,
ஒரு பொட்டுத் துரு இல்லாமல்,
ஊரில் யாருமே இல்லாததுபோல் வருகிறது.

வலது நுரையீரலின் கீழ் மூலையில்
ஆலிவ் கொட்டையளவு ஒன்று.
அடையாளத்துக்கு அதற்குள் மூன்று தங்க மணிகள்
ஊசிவழியே விதைத்தார்கள்.
கல்யாண மோதிரத்தை விற்று இருபது வருஷமாயிற்று;
இப்போது உள்ளே தங்கம்,
அடகுக்காரன் எட்டாத இடத்தில்.

கட்டி ஓரிடத்தில் நிற்காதாம்.
மூச்சோடு ஏறி இறங்குமாம், ஒன்றரை சென்டிமீட்டர்.
டாக்டர் ஒர்லிச் படம் வரைந்து காட்டினார்.
எனக்குப் படம் எதற்கு?
கயிறு கட்டிய கப்பல் மட்டும் நிற்கிறதா என்ன?
தூரத்தில் ஒரு படகு கடந்தால்
துறையில் பத்தாயிரம் டன் இரும்பு மெல்ல மூச்சு விடும்.
பெட்டியை இறக்கும்போது தளத்தைப் பார்க்கக் கூடாது.
அடுத்த நொடியில் தளம் எங்கே இருக்குமோ
அங்கே பார்க்க வேண்டும்.
அது கண்ணுக்குத் தெரியாது, இடுப்புக்குத் தெரியும்.

மார்பில் சிவப்பு விளக்குகள் மூன்று.
கூரையிலிருந்து இரண்டு கண்கள்
எலும்புவரை பார்த்துப் பார்த்து மூடுகின்றன.
கனத்த கதவு சாத்தப்படுகிறது.
என்மேல் பாய்ச்சப்போவதற்குப் பயந்து
எல்லோரும் வெளியே போய்விட்டார்கள்.
கை குனிகிறது.
நான் மூச்சை இழுக்க அதுவும் ஏறுகிறது,
ஒரு மயிரிழை முந்தி.
முந்தி!
பொறாமையாக இருந்தது எனக்கு.

வலி இல்லை, சூடு இல்லை,
வெளிச்சம்கூட இல்லை.
பாட்டு வைக்கட்டுமா என்றது ஒலிபெருக்கி.
வேண்டாம், மோட்டார் கேட்கட்டும் என்றேன்.
மூன்றாவது மூட்டில் சின்ன முனகல்.

மூன்றாம் நாள் பூரா வீசியது,
மலையிறங்கி வந்து
பாலத்தில் லாரியைப் புரட்டிப்போடும் காற்று.
பேருந்தை விட்டு இறங்கி நடப்பதற்குள்
தொண்டை காய்ந்துவிட்டது.
பாதிச் சிகிச்சையில் இருமல்.
அடக்கினேன். அடக்க அடக்கப் பெருத்து
உடம்பே துள்ளியது.

கை நின்றது.
பாதி வளைவில், அப்படியே.

பூராவுக்கு நாங்களும் நிறுத்துவோம்.
சக்கரத்தைப் பூட்டிவிட்டு
சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருப்போம்,
கீழே மேஸ்திரி கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் கத்துவார்.
ஒரே ஒருமுறை நான் நிறுத்தவில்லை.
எண்பத்தொன்பது, நவம்பர்.
கடைசிப் பெட்டி, ஒரு கையகலம் தள்ளி இறங்கியது.
அந்தக் கையகலத்தில்
வ்யெகோஸ்லாவின் கால் இருந்தது.

இருமல் ஓய்ந்த பிறகும் அது நகரவில்லை.
நானும்.
இரண்டு பேரும் காற்றுக்காகக் காத்திருந்தோம்.

வெளியே வந்து கேட்டேன்: "யார் நிறுத்தியது?"
"அதுவே நின்றுவிட்டது. நான் அழுத்துவதற்குள்."
"நீயும் அழுத்தினாயா?"
கட்டைவிரலைப் பார்த்தேன்.
நகம் சதைவரை கடித்திருந்தது.
சரி. கூண்டில் ஆள் இருக்கிறான்.

பேருந்து சுற்றுவழியில் போனது.
துறைமுகத்தில் எல்லாக் கிரேன்களும் நின்றிருந்தன,
எண்ணினேன், ஒன்று விடாமல்.
இன்னும் இரண்டு நாள் பாக்கி.
மூன்று மாதம் கழித்துத்தான் தெரியுமாம்,
ஆலிவ் சுருங்கியதா இல்லையா என்று.
அந்த மூன்றாவது மூட்டை யாராவது பார்க்க வேண்டும்.
நாளைக்கு மறக்காமல் சொல்லணும்.